அண்ணாவுக்கு: றாக்கைக்கு லைற் போட்டாயிற்று

அண்ணா,

லைற் போட்டாயிற்று. ஹோலில் நிற்கிற உங்கள் றாக்கைக்குத்தான், அந்தத் தட்டு அலமாரிக்கு. அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு, வருச நினைவுக்கு, முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்தது. வீடியோவில் நீங்கள் அம்மாவின் படத்தை மட்டும்தான் பார்த்தீர்கள், உங்கள் மருமகன் போனை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றான். மிச்சத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் நீங்கள் கதைக்கத் தொடங்கிவிடுவீர்கள். இங்கே என்றால் முடியுமட்டும் வாசிக்கத்தானே வேண்டும். இதைக் குடும்பக் குழுவில் நீங்களே போடுவீர்கள் என்பதும் தெரியும். அதனால் சில விசயங்களை மேலோட்டமாகத்தான் சொல்கிறேன்.

"உந்த மூலை ஏன் இருட்டாக் கிடக்கு? ஒரு லைற்றைப் போடன். காசெண்டால் அனுப்புறன்." எத்தனை வருசமாகச் சொன்னீர்கள். நான் "ம்" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். காசு காரணமில்லை என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். கிளிநொச்சியில் கடைக்காரர் எடுத்த எடுப்பில் தந்தது 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, கூடக் கூட நீலம்). "எல்லாரும் இதைத்தான் கேட்கினம்" என்றார். கொண்டுவந்து பிடித்துப் பார்த்தால் அம்மாவின் முகம் ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. மாற்றி 3000 கெல்வின் எடுத்தேன், கொஞ்சம் மஞ்சள் கலந்தது. மாரி தொடங்கி ஈசல் கிளம்பும்போது நீல வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் கூடுதலாக வரும், மஞ்சளுக்குக் குறைவு. இங்கே இருப்பவர்களுக்கு அது பெரிய விசயம்.

12 வோல்ட் எல்ஈடி லைற் பட்டி, மீற்றருக்கு 60 பல்ப், 4.8 வாட்ஸ். மூன்று பல்புக்கு ஒரு தடவை, அதாவது ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு இடத்தில் வெட்டலாம். நீங்கள் அனுப்பிய ஐக்கியாக் கடை றாக்கையின் ஒவ்வொரு அறையும் உள்ளே 33 சென்ரிமீற்றர் அகலம், ஆகவே அறைக்கு 30 சென்ரிமீற்றர் துண்டு சரியாக வரும். துண்டுகளை ஒன்றின் வாலில் ஒன்றாகத் தொடுக்காமல், நடுவில் ஒரு சோடி வயர் இறக்கி, ஒவ்வொன்றையும் அதிலிருந்து தனித்தனியாக எடுத்தேன். ஒன்று பழுதானால் மற்றதெல்லாம் எரியும். சோல்டர் நானே பண்ணினேன்.

துளை போடும்போதுதான் தெரிந்தது, அந்தத் தடித்த பலகைக்குள் மரமே இல்லை. கடதாசி அட்டையை அறை அறையாக மடித்து வைத்திருக்கிறார்கள். கப்பலில் பெட்டி பெட்டியாக அனுப்பினீர்களே, அனுப்ப முதல் இந்த ஊரில் கறையான் இருக்கிறது என்று நினைத்தீர்களா? அடியில் ரைல்ஸ் துண்டு வைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் இவ்வளவு காலமும் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் படம்தான் கூட நேரம் எடுத்தது. பின்பக்கம் பட்டி ஒட்டினால் சட்டத்தைச் சுற்றி வெளிச்சம், முகம் கறுப்பு. முன்விளிம்பில் ஒட்டினால் கண்ணாடியில் பதினெட்டுப் பல்பும் வரிசையாக அம்மாவின் நெற்றிக்குக் குறுக்கே தெரிந்தது. பிறகு முன்விளிம்பில் அலுமினியச் சட்டம் அடித்து, அதற்குப் பால் நிற மூடி போட்டு, படத்தை ஒரு விரல் முன்பக்கம் சரித்தேன். இப்போது மூக்குத்தி தெரிகிறது. படத்தில் மூக்குத்தி இருந்ததையே நான் மறந்திருந்தேன்.

1998. வன்னியில் நாங்கள் இருந்த மல்லாவிக் கொட்டில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஜாம் போத்தல் விளக்குக்கு விடக்கூட மண்ணெண்ணெய் இல்லை. ஐயாவின் சைக்கிளை ஸ்ரான்ட்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் விழுத்தி, முன் லைற்றைக் கழற்றி வயர் இழுத்து உங்கள் தலைக்கு மேலே கப்புத் தூணில் கட்டியிருந்தீர்கள். உங்களுக்கு ஏ.எல்., உயர்தரச் சோதினை. நான் சீற்றில் ஏறி மிதித்தேன். எனக்கும் அடுத்த நாள் தவணைப் பரீட்சை, விஞ்ஞானம். கொப்பியை ஹான்டிலில் விரித்து வைத்தேன், படிக்கலாம் என்று. வெளிச்சம் அங்கே வரவில்லை. எழுத்தைப் பார்க்கக் குனிந்தால் கால் மெதுவாகும், கால் மெதுவானால் பல்ப் சிவக்கும். நீங்கள் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. "மிதி பிள்ளை, மிதி." அவ்வளவுதான். அம்மா மூலையிலிருந்து, "அண்ணாவுக்குச் சோதினையடி, நீ பிறகு படிக்கலாம்" என்றார்.

சின்னண்ணாதான் வந்து என்னை இறக்கிவிட்டார். "போய் அவனுக்குப் பக்கத்தில இருந்து படி" என்று சொல்லிவிட்டுத் தான் ஏறினார். அவர் மிதித்தால் பல்ப் வெள்ளையாக எரியும். நான் வந்து குந்தினேன், நீங்கள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா?

கனடாவிலிருந்து "லைற்றைப் போடு" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கால் உளைந்தது. இதுதான் காரணம். சின்னத்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

நீங்கள் பாஸ் பண்ணினீர்கள், போனீர்கள். 2009இல் சண்டை முடிந்த பிறகு நாங்கள் கூரை போட்டதும் என் கலியாணமும் நீங்கள் அப்படிப் போனதால்தான். இதையும் எல்லாருக்கும் தெரியத்தான் எழுதுகிறேன். பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு அது. அம்மாவின் மருந்துக்கு ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. ஆனால் இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கக் காசால் முடியாது.

திவசத்தன்று வந்த சொந்தக்காரர் ஒருவர் றாக்கைக்கு முன்னால் நின்று, "பாருங்கோ, மூத்தவன் தாயின்ர படத்துக்கு என்ன வடிவா லைற் போட்டு விட்டிருக்கிறான்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சோல்டர் சுட்ட விரல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் போன் எடுத்தீர்கள். சத்தம் போட்டதற்கு மன்னியுங்கள் அண்ணா, ஆட்கள் இருந்த வீட்டில் அப்படிக் கதைத்திருக்கத் தேவையில்லை. சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. பட்டி, சட்டம், கரண்டை 12 வோல்ட்டாக்கிற றைவர் பெட்டி எல்லாம் என் சம்பளக் காசு.

நீங்கள் கேட்டது ஒரு அறைக்கு. நான் ஏழு அறைக்குப் போட்டேன். என் கல்வியியற் கல்லூரிச் சான்றிதழை நடுவில் வைத்திருக்கிறேன், கண் மட்டத்தில். பிள்ளைகளின் கிண்ணங்கள், ஐயாவின் றேடியோ, புத்தகங்கள். ஏழும் சேர்ந்து பத்து வாட்ஸ். இரவில் நாலு மணித்தியாலம் எரித்தாலும் மாதம் ஒன்றேகால் யூனிட்டுக்குள்தான். ஒரு அடித் துண்டு அந்த டைனமோவில் பாதி வாட்ஸ்கூட இல்லை, வெளிச்சம் பல மடங்கு. யாரும் மிதிக்கவும் தேவையில்லை.

எட்டாவது, கீழே இடப்பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன், யார் யார் வாசிப்பார்களோ. வயரைக் கொண்டுபோய் முனைக்கு ரேப் சுற்றி விட்டிருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. நீங்களும் நானும் கதைக்க வேண்டும், குழுவில் இல்லை.

கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். வன்னிக் குரங்குகள் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. 12 வோல்ட் எடுத்ததே அதனால்தான். கூரையில் இருக்கிற சோலரின் பற்றறியிலிருந்தே எரிக்கலாம். சார்ச் ஆகும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், நேரே கொடுத்தால் பட்டி சூடாகி ஆயுள் குறையும். இடையில் ஒரு ரெகுலேற்றர் போட்டிருக்கிறேன்.

கலர் மாறுகிற லைற்றும் ரிமோட்டும் அனுப்பப் போவதாக அண்ணி சொன்னார். வேண்டாம். அனுப்புவதென்றால், றாக்கையைச் சுவரோடு பிடிக்கிற இரும்புத் துண்டுகளை அனுப்புங்கள். பெட்டிக்குள் அது வரவேயில்லை, இப்போது லைற்றைக் கண்டு சின்னவள் ஏறப் பார்க்கிறாள். உங்கள் கராஜில் எங்கேயாவது கிடக்கும், தேடிப் பாருங்கள். திவசச் செலவுக் கணக்கு வட்ஸ்அப்பில் தனியாக வரும்.

தங்கச்சி