கிம்மின் தலைமுடியை விட்டுவிட்டு எல்லையைக் கொஞ்சம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாகக் காலைக் காபியோடு உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வட கொரியா பற்றி உங்களிடம் வருவது இரண்டே வகைச் செய்திதான். ஒன்று, 'ஏவுகணை வீசி மிரட்டல், மூன்றாம் உலகப் போர் அபாயம்'. இன்னொன்று, கிம் ஜாங் உன் எப்படி முடி வெட்டியிருக்கிறார், மகளுக்கு என்ன கோட்டு போட்டு அழைத்து வந்தார், யாரைச் சுட்டுத் தள்ளினார் என்கிற ஞாயிற்றுக்கிழமை சமாசாரம். ஏறக்குறைய 2.6 கோடி மக்கள் வாழும் ஒரு நாடு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ காணாமல் போய்விடுகிறது.

2013 டிசம்பரில் கிம் தன் அத்தை கணவர் ஜாங் சாங் தேக்கைக் கொன்றது உண்மை, அதை அவர்களே அறிவித்தார்கள். ஆனால் பட்டினி போட்ட 120 நாய்களை ஏவிக் கடித்துக் குதறவிட்டார் என்று உலகம் முழுக்க எழுதினார்களே, அது சீனாவில் யாரோ சமூக வலைத்தளத்தில் கிண்டலுக்கு எழுதியது. அதே வருடம் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்த பாடகி ஹியான் சாங் வோல், 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கலைக்குழுவை அழைத்துக்கொண்டு தென் கொரியாவுக்கே வந்து நின்றார். 2020 ஏப்ரலில் கிம்முக்கே எல்லாரும் சேர்ந்து காரியம் பண்ணினோம், மே மாதத் தொடக்கத்தில் மனிதர் ஓர் உரத் தொழிற்சாலையில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

அதற்காக கிம்முக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணைக் குழு 2014இல் கொடுத்த அறிக்கையில், அரசியல் கைதிகள் முகாம்களில் 80 ஆயிரத்திலிருந்து 1.2 லட்சம் பேர் வரை அடைபட்டிருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தென் கொரிய நாடகம் பார்ப்பதும் பரப்புவதும் கடும் குற்றம் என்று 2020இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், இங்கே நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணி வரை பார்க்கிறதே, அதே நாடகங்கள்தான். இவ்வளவு நிஜக் கொடுமை இருக்கும்போது பொய் நாய்கள் எதற்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'போர் மூளும் அபாயம்' என்று எழுதுகிறீர்கள், கொரியப் போர் இன்னும் முடியவே இல்லை. 1953 ஜூலை 27 அன்று எல்லைக் கிராமமான பன்முன்ஜோமில் கையெழுத்தானது போர் நிறுத்த ஒப்பந்தம் மட்டும்தான், அதிலும் தென் கொரியா கையெழுத்துப் போடவில்லை. அமைதி ஒப்பந்தம் இன்று வரை கிடையாது. நடுவில் 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு, அதன் தெற்கே வெறும் 50 கிலோமீட்டரில் சோல் நகரம். தென் கொரிய ஜனத்தொகையில் பாதி அந்தத் தலைநகர வட்டாரத்தில்தான் இருக்கிறது. என்னோடு சில காலம் வேலை பார்த்த ஒரு தென் கொரியர், அங்கே எல்லா ஆண்களும் போல ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஏவுகணைச் செய்தி வந்த அன்றைக்கு நான் பதறிப்போய்க் கேட்டதற்கு, 'இன்றைக்குமா' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். அவர் பயந்தது கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிற ஏவுகணைக்கு அல்ல, எல்லையோரப் பீரங்கிக்கு. 2010 நவம்பரில் தென் கொரியாவின் யோன்பியோங் தீவில் வடக்கு வீசிய குண்டு விழுந்து நான்கு பேர் செத்தபோது அவருடைய ஊரில் எல்லாரும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

அந்த எல்லையில் இப்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன். 2018 செப்டம்பரில் இரண்டு கொரியாவும் ஒரு ராணுவ உடன்பாடு செய்துகொண்டன. எல்லையோரம் பீரங்கிப் பயிற்சி கூடாது, காவல் சாவடிகள் சிலவற்றை இடித்துவிட வேண்டும், இப்படி. நிஜமாகவே இடித்தார்கள். 2023 நவம்பரில் வடக்கு உளவு செயற்கைக்கோள் விட்டது, தெற்கு உடன்பாட்டில் ஒரு பகுதியை நிறுத்தியது, வடக்கு மொத்தத்தையும் தூக்கி எறிந்தது. 2024இல் குப்பை கட்டிய பலூன்கள் பறந்து வர ஆரம்பித்ததும் தெற்கும் முழுசாக நிறுத்திவைத்தது. பலூனில் வந்த குப்பையைப் பற்றி நீங்கள் படத்தோடு போட்டீர்கள், கூடவே செத்துப்போன உடன்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதைவிடப் பெரியது ஒன்று. தாத்தா கிம் இல் சுங் காலத்திலிருந்து 'ஒரே கொரியா, ஒரே இனம்' என்று பாடிக்கொண்டிருந்த நாடு, 2023 டிசம்பர் கடைசியில் இனி இணைப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது, தெற்கு எங்களுக்கு எதிரி நாடு என்று அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே பியோங்யாங்கில் இருந்த மறு இணைப்பு வளைவை இடித்தார்கள். 2024 அக்டோபரில் தெற்கை நோக்கி வரும் சாலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பங்காளிச் சண்டை என்றால் என்றைக்காவது பேசிச் சேரலாம், உறவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது?

அப்புறம் ரஷ்யா. 2017இல் வட கொரியா மீது கடும் பொருளாதாரத் தடை போட ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் கை தூக்கிய அதே ரஷ்யா, 2024 மார்ச்சில் அந்தத் தடையைக் கண்காணித்த நிபுணர் குழுவை வீட்டோ போட்டு முடித்துவைத்தது, ஜூனில் புதின் பியோங்யாங்குக்கே போய்ப் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார். அந்த இலையுதிர் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வட கொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் உக்ரைனுக்கு எதிரான போர்முனையில் இருந்தார்கள், 2025 ஏப்ரலில் இரண்டு நாடும் அதை ஒப்புக்கொண்டும் விட்டன. பீரங்கிக் குண்டைக் கொடுத்து எண்ணெய் வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டபோது, அமெரிக்காவோடு பேச கிம்முக்கு என்ன அவசரம்? 2019 பிப்ரவரியில் டிரம்பைச் சந்திக்க வியட்நாமின் ஹனோய்க்கு இரண்டரை நாள் ரயிலில் போய், யோங்பியோன் அணு உலைகளை மூடுகிறேன் தடையை எடு என்று கேட்டு, மதியச் சாப்பாடுகூட இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். அணுத் திட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆட்சியும் உயிரும் போன லிபியாவின் கடாஃபியின் கதையும் அவருக்குத் தெரியும். பைத்தியக்காரன் என்று எழுதுவது சுலபம், எனக்கு என்னவோ கணக்குப் போடுகிற ஆளாகத்தான் தெரிகிறார், அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

இதெல்லாம் நம்ம ஊருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று உங்கள் செய்தி மேசையில் சொல்லக்கூடும். கொரியா என்றாலே 'அங்கேயும் அம்மா, அப்பாதான்' என்று ஒரு கட்டுரை வருடம் தவறாமல் போடுகிறீர்களே, அதை விட்டுவிட்டு ஹூண்டாய் கார் தொழிற்சாலை இருக்கும் எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள். ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜூ யுங் பிறந்தது இன்றைய வட கொரியாவில். சின்ன வயதில் அப்பா மாடு விற்று வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு சோலுக்கு ஓடியவர். 1998இல், இங்கே முதல் சான்ட்ரோ வெளியே வந்த அதே வருடம், அந்தக் கிழவர் ஜூனில் 500, அக்டோபரில் 501 என்று மொத்தம் 1001 மாடுகளை லாரியில் ஏற்றிப் பன்முன்ஜோம் வழியாக வடக்கே ஓட்டிப்போனார், அப்பாவின் மாட்டுக் கடனை வட்டியோடு அடைக்க. அதற்குப் பின்னால் தென் கொரியர்களுக்காக வடக்கில் வந்த கும்காங் மலைச் சுற்றுலா 2008இல் நின்றது, தெற்கின் கம்பெனிகள் வடக்கில் நடத்திய கேசாங் தொழிற்பேட்டை 2016இல் மூடியது. மாடு போன வழியில் இன்றைக்கு ஒரு கடிதம்கூடப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. போர் நிறுத்தத்துக்குப் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த கொரிய, சீனப் போர்க் கைதிகளைக் கவனிக்கும் வேலையை ஜெனரல் திம்மையா தலைமையில் இந்தியாதான் முன்னின்று நடத்தியது. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்று சொன்ன 88 கைதிகளை நம் படையினர் தங்களோடு கப்பலில் ஏற்றிவந்து 1954 பிப்ரவரியில் இறக்கிய இடம் நம்ம சென்னைத் துறைமுகம், அன்றைய மெட்ராஸ். பிறகு டெல்லிக்குப் போய், அங்கிருந்து பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். எந்தக் கொரியாவும் வேண்டாம் என்றவர்கள் முதலில் கால் வைத்தது நம் மண்ணில் என்பதை என் மகனிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான்.

உங்கள் அலுவலகத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகைக் கட்டுகள் இருந்தால், 1954 பிப்ரவரி மாதத்தை யாரையாவது புரட்டச் சொல்லுங்கள். துறைமுகத்தில் எடுத்த படம் ஏதாவது கிடைத்தால் போடுங்கள். அன்றைக்கு இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன், ஒன்று அவனுக்கு.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்