படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நூலகம் பூட்டிய பிறகும் வாசற்படியில் ஒரு மாணவி உட்கார்ந்திருப்பதை எங்கள் குழுவில் பலரும் பார்த்திருக்கிறோம். மடியில் புத்தகப்பை, அதன்மேல் அம்மாவின் கைபேசி. உள்ளே எரியும் ரூட்டரின் சிக்னல் மூன்றாம் படி வரைதான் வருகிறது. நான்காவது படிக்கு இறங்கினால் அறுந்துவிடும். அதனால் மூன்றாம் படியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை அனுப்புகிறாள். அவளுடைய பள்ளியிலும் வைஃபை உண்டு. அது பள்ளி மதிலோடு நின்றுவிடுகிறது. நூலகத்தில் அவள் வெளியாள். யாரிடமோ கேட்டு வாங்கிய கடவுச்சொல்லை வைத்துத்தான் உள்ளே நுழைகிறாள்.

அந்தக் கடவுச்சொல் நூலகரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. மை மங்கிவிட்டதால், அது பூஜ்ஜியமா ஆங்கில 'ஓ' எழுத்தா என்று ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துவிட்டு அவரையே கேட்கிறார்கள். அவரும் சலிக்காமல் சொல்கிறார். மாற்றினால் எல்லாருக்கும் மறுபடி சொல்ல வேண்டும் என்பதால் அதை யாரும் மாற்றுவதில்லை. படித்து முடித்துப் போனவர்களுக்கும் தெரியும், அந்த வழியாகப் போகிறவர்களுக்கும் தெரியும்.

இது எங்களைக் கவலைப்படுத்துகிறது. இன்றும் பரவலாகப் புழங்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், அதை அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவரின் கருவி இணையும் நேரத்துப் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால் போதும். காற்றில் போகும் அவருடைய தகவலைப் பிரித்துப் பார்க்க வழி கிடைத்துவிடும். அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு ஒரு போலி வைஃபையை நிறுவவும் முடியும். பிள்ளையின் கைபேசிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதற்கு நல்ல தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. 2002-இல் நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது எடுரோம் என்ற பொது வைஃபை ஏற்பாடு. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனால், தம் சொந்தக் கணக்கைக் கொண்டே அங்கும் இணைய வேண்டும் என்பதுதான் அந்த யோசனை. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது இயங்குகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு என்று தொடங்கியது பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஏன் வரக்கூடாது? சில நாடுகளில் வந்துவிட்டது. எங்கள் பகுதிப் பள்ளிகளையும் நூலகங்களையும் அதில் சேர்ப்பதற்காகவே இந்தக் குழு கூடியிருக்கிறது. அதற்கு உங்களிடம் நன்கொடை கேட்கிறோம்.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறோம். பணம் கொடுப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாணவியின் பயனர் பெயர் மின்னஞ்சல் முகவரிபோல் இருக்கும். பின்பாதி அவளுடைய பள்ளியைச் சொல்லும். நூலகத்தில் அவள் கைபேசியைத் திறந்ததும் அங்குள்ள கருவி அந்தப் பின்பாதியைப் பார்க்கிறது. தனக்குத் தெரியாத பெயர் என்றால் எடுரோமின் மேல்மட்டத்தில் உள்ள சர்வரிடம், அதாவது கேள்விகளை வாங்கிப் பதில் தரும் கணினியிடம், கேட்கிறது. அது பள்ளியின் சர்வரைக் கண்டுபிடித்துக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 'இவள் எங்கள் மாணவிதான்' என்ற பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. பொதுவாகக் கண் இமைக்கும் நேரம்தான். கடவுச்சொல்லோ அவளுடைய கைபேசிக்கும் பள்ளி சர்வருக்கும் இடையே மறையாக்கப்பட்ட பாதைக்குள் போகிறது. நூலகம் உட்பட நடுவில் யாராலும் அதைப் படிக்க முடியாது. சரியாக அமைத்தால் அவள் பெயர்கூட நூலகத்துக்குத் தெரியாது. எந்தப் பள்ளி என்று மட்டும் தெரியும். தகவலை மறையாக்க ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் என்பதால் பக்கத்து மேசைக்காரர் எட்டிப்பார்க்கும் கதையும் இல்லை.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை வெளியிடத்தில் எதைப் பார்க்கும், யார் கவனிப்பது? அனுமதி பள்ளியிலிருந்து வந்தாலும், ஓடுவது அந்தந்த இடத்தின் இணைய இணைப்பு. ஆகவே பிள்ளைகளுக்கான வடிகட்டல் ஒவ்வோர் இடத்திலும் இருக்க வேண்டும். அதைச் செய்யாத இடத்தை நாங்கள் சேர்க்கப்போவதில்லை. மாணவர் அல்லாத வாசகர்களுக்கு நூலகத்தின் விருந்தினர் வைஃபை தனியே தொடரும்.

'எல்லார் கையிலும் டேட்டா இருக்கிறதே' என்று சிலர் சொல்கிறார்கள். கைபேசி அம்மாவுடையது. அம்மா வேலைக்குப் போகும்போது டேட்டாவும் சேர்ந்து போய்விடும். பள்ளி கொடுத்த டேப்லெட்டில் சிம் கிடையாது.

இனி, பணம் எதற்கு என்பதைச் சொல்கிறோம். மென்பொருளுக்கு இல்லை, பயனர் கணக்கைச் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸ் 1999-இல் தொடங்கப்பட்ட, இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள், அதையே பயன்படுத்துவோம். இருக்கிற ரூட்டர்களில் இந்த முறைக்கு ஒத்துவருபவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ஒத்துவராதவற்றை மட்டும் மாற்றுவோம். சர்வர் இரண்டு வேண்டும். ஒரு பள்ளியின் சர்வர் படுத்துவிட்டால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கு போனாலும் கதவு அடைபடும். ஒன்று நின்றால் மற்றொன்று தாங்க வேண்டும். இரண்டுக்கும் மின்தடையைச் சமாளிக்க பேட்டரி வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய தேவை ஆள்தான். பெட்டி வாங்கித் தர மனம் உள்ளவர்கள் நிறையப் பேர். அதைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் தர முன்வருபவர்கள் குறைவு. சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். தவறினால் ஒரே காலையில் எல்லாப் பள்ளிகளுக்கும் இணைப்பு அறுந்துபோகும். கைபேசிகளில் முதல்முறை அமைத்துக் கொடுப்பதும் கவனமான வேலை. சரியான சர்வர்தானா என்று கைபேசி சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைக்காவிட்டால், போலி வைஃபையிடம் பிள்ளை ஏமாந்துவிடும். இவ்வளவு ஏற்பாடும் வீணாகிவிடும். இதற்காகப் பள்ளி பள்ளியாகப் போய் அமைப்பு நாள் நடத்தப்போகிறோம். அன்று கூட இருந்து உதவ வருபவர்களையும் நன்கொடையாளர்களாகவே கருதுகிறோம்.

எனவே, முடிந்தவர்கள் ஒரே தடவை பெருந்தொகை தருவதைவிட மாதந்தோறும் சிறு தொகை தாருங்கள். ஓராண்டு முழுவதும் ஒருவரைப் பணியில் வைத்திருக்க முடியும் என்ற உறுதி எங்களுக்கு அதிலிருந்துதான் வரும். கருவியாகத் தர விரும்பினால் முதலில் எங்களிடம் கேளுங்கள். தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய ரூட்டர்களை, எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், ஏற்க முடியாது.

வைஃபைக்குத் தங்கள் பெயரைச் சூட்டலாமா என்று கேட்ட அன்பர்களுக்கு: முடியாது என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். எல்லா இடத்திலும் ஒரே பெயர் இருந்தால்தான் கருவி தானாக அடையாளம் கண்டு இணையும். விளம்பரமும் இருக்காது. மாணவர் விவரம் எந்த நன்கொடையாளருக்கும் போகாது.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளி, நூலக அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவோம். வாங்கிய கருவிகளின் பட்டியலும் அதில் இருக்கும். போதிய நிதி சேராமல் பணி நின்றுபோனால், செலவாகாத பணத்தை அவரவரிடம் திருப்பித் தருவோம். பணமாகவோ காசோலையாகவோ குழுவின் பொருளாளரிடமோ உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடமோ நூலகரிடமோ கொடுக்கலாம். முதல் கருவிகளை அந்த வாசற்படி உள்ள நூலகத்தில்தான் பொருத்தப்போகிறோம். மாணவர்கள் உள்ளே உட்கார்ந்து வேலையை முடிக்கும்வரை நூலகத்தை மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்து வைக்க நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
பள்ளி–நூலகப் பொது இணைப்புக் குழுவினர்