மழையில் வாடிய கன்றுக்கு யூரியா வேண்டாம்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், மழைக்குப் பின் இலை பழுத்து வாடி நிற்கும் கன்றுகளுக்கு யூரியா கரைத்து ஊற்றி, நாள்தோறும் தண்ணீர் விடும்படி எழுதியிருந்தீர்கள். கொழும்பில் மழை ஓய்ந்த கையோடு அப்படிச் செய்தால் பிழைக்க வேண்டிய கன்றும் செத்துவிடும். அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஒக்டோபர், நவம்பர் இரண்டும் கொழும்பில் அடைமழை மாதங்கள். சாடி மண் வாரக்கணக்கில் காயாமலே கிடக்கும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், ஓரிரு நாளில் ஒட்சிசன் தீர்ந்து வேர் மூச்சுத் திணறுகிறது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் நீரில் நீந்திப் பரவுபவை. அவற்றுக்கு இது பொற்காலம். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை தொங்குகிறது. தாகத்தில் வாடிய கன்றும் வேரழுகி வாடிய கன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி. பின்னதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது மூழ்குகிறவன் தலையில் குடம் கவிழ்ப்பதுதான். யூரியா இன்னும் மோசம்: மண்ணில் உப்புச் செறிவைக் கூட்டி, மிஞ்சியிருக்கும் நுனிவேரையும் கருக்கிவிடும்.

ஆகவே முதல் வேலை வேரைப் பார்ப்பது. சாடியைச் சரித்து, அடித்தண்டை விரல்களுக்கிடையில் பிடித்து, மண்கட்டி உடையாமல் உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், நகத்தால் அழுத்தினால் திடமாக நிற்கும். அழுகிய வேர் கபிலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். இரண்டு விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வர, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். கூழ்முட்டை நாற்றமும் அடித்தால் சந்தேகமே வேண்டாம். மாறாக வேரெல்லாம் வெள்ளையாகவும் மண்கட்டி உலர்ந்தும் இருந்தால், அந்தக் கன்றுக்கு வேண்டியது தண்ணீர்தான்.

அழுகிய வேர்களைக் கூரான கத்தரிக்கோலால் நல்ல வேர் தெரியும் வரை வெட்டுங்கள். ஒரு கன்றை முடித்து அடுத்ததைத் தொடுமுன் அலகை மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே சாடி சாடியாகக் கொண்டுபோகிறோம். வேர் போனதற்கு ஏற்ப மேற்பகுதியையும் குறைக்க வேண்டும்: பாதி வேர் போயிருந்தால் தண்டிலும் இலையிலும் மூன்றில் ஒரு பங்காவது. பிறகு நடுவது பழைய சாடியைவிடச் சிறிய சாடியில். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பாவம் என்று பெரிய சாடிக்கு மாற்றினால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரம் தேங்கி மீண்டும் அழுகும்.

மண்கலவைக்கு மேல்மண் 1 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, கழுவிய தும்புச்சோறு 1 பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு அரைப் பங்கு போதும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். தும்புச்சோற்றிலும் உப்பு இருப்பதுண்டு. கட்டியை ஊறவைத்து, கபிலநீரை இரண்டு மூன்று முறை வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

சாடியின் அடியில் ஓட்டுத்துண்டும் சல்லியும் போட்டால் நீர் வடியும் என்பது நம் வீடுகளில் பரம்பரையாக வரும் நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள சல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. சல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும், வேருக்குக் கிடைக்கும் மண்ணின் ஆழமும் குறையும். துளை அடைபடாமல் ஒரு துண்டு நைலோன் வலை போதும். பிளாஸ்டிக் சாடியில் ஒரே துளை இருந்தால் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் இன்னும் நாலைந்து இடுங்கள். சாடியை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் துண்டுகள் மேல் வைத்தால் அடியில் காற்றோடும். அடித்தட்டை மழைக்காலம் முழுவதும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருக, அதில் ஒரு வாரம் பத்து நாள் தேங்கும் தண்ணீர் போதும்.

மாற்றி நட்டதும் ஒருமுறை நீர் விட்டு, இரண்டு வாரம் அரைநிழலில் வைக்க வேண்டும். மப்பு விலகித் தை மாத வெயில் திடீரென்று சுள்ளென்று அடிக்கும்போது, குறைந்த வேருள்ள கன்றால் இலைக்கு நீர் கொடுத்து மாளாது. மழை முழுக்கத் தாங்கி நின்ற கன்று வெயில் வந்த வாரத்தில் சாவது இதனால்தான். அடுத்த தண்ணீர், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு உலர்ந்திருந்தால் மட்டும். பசளை, புதுத்துளிர் விரிந்த பிறகே, அதுவும் பொதியில் சொன்னதில் பாதி அளவில். மூன்று நான்கு வாரம் ஆகலாம், பொறுக்க வேண்டும்.

இலையெல்லாம் கொட்டிவிட்டது என்பதற்காகச் செவ்வரத்தையையோ கறிவேப்பிலையையோ பிடுங்கி எறியாதீர்கள். தண்டின் நுனியில் தொடங்கி நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரியும் இடம் வரை உயிர் இருக்கிறது, அதற்கு மேலே வெட்டிவிடலாம். ஒட்டுரோசாவில் ஒட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து மட்டும் துளிர் வந்தால் அது காட்டு ரோசா, வாங்கிய பூ இனி வராது. பப்பாசி மட்டும் தனிக்கதை. இரண்டு மூன்று நாள் வேர் நீரில் நின்றாலே பெரும்பாலும் தேறாது. அதில் உழைப்பை வீணாக்காமல் மேட்டில் புதிய விதை போடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடலோரத் தொடர்மாடிகளின் பல்கனிகளில் வேறொரு சேதத்தையும் பார்க்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல்நீர்த் துளியை அள்ளிவந்து இலையில் பூசுகிறது. கடலைப் பார்த்த பக்கத்து இலைகளின் விளிம்பு மட்டும் கருகி, சுவர்ப்பக்கம் பச்சையாகவே நின்றால் அது நோயல்ல, உப்பு. மருந்து தெளிப்பது வீண். காற்று பலமாக வீசிய மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். நன்றாக வடியும் சாடியானால் அதன் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி மண்ணின் உப்பையும் அடித்து இறக்குங்கள். அந்தப் பக்கத்துக்கு போகன்வில்லாவும் அலரியும் தாங்கும். ரோசா, அந்தூரியம், பெகோனியா உள்பக்கத்துக்கு உரியவை.

களனி கங்கை பெருகும் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலப் பக்கத்து நிலங்களுக்கு முறை வேறு. 2016 மே வெள்ளத்திலும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் அங்கே தோட்டங்கள் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தன. நீர் வடிந்தவுடன் மண்ணைக் கொத்தவோ மிதிக்கவோ கூடாது, மண் இறுகிப்போகும். ஒரு பிடி மண்ணைக் கையில் நசுக்கிப் பாருங்கள், நீர் கசியாமல் உதிர்ந்தால்தான் வேலைக்குப் பதம். அதுவரை, பலகை போட்டு அதன்மேல் நின்று, அடித்தண்டைச் சுற்றிப் படிந்த சேற்றை மட்டும் வழித்தெடுக்கலாம். அந்தச் சேறு காய்ந்தால் மூடிபோல் இறுகிக் காற்றை அடைத்துவிடும். மண் பதமான பிறகு கிளை பரந்த ஓரத்தில், அரை அடி ஆழத்துக்கு, நீண்ட பற்களுள்ள தோட்ட முள்ளால் குத்தித் துளையிடுங்கள். மலக்குழி நீர் கலந்த வெள்ளம் என்பதால் அதில் நனைந்த வல்லாரை, பொன்னாங்காணியைக் கழுவியும் உண்ண வேண்டாம். வல்லாரையை நாம் பச்சையாகச் சம்பல் போடுகிறோம், சூடு காட்டுவதில்லை. முழுவதையும் அகற்றிவிட்டு, நான்கு மாதமாவது அந்தப் பாத்தியைக் கீரைக்குப் பயன்படுத்தாமல் விடுங்கள்.

நுவரெலியாவில் உறவினர் உள்ள வாசகர்களுக்காக ஒன்று. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே உறைபனி விழுந்து இலை கறுத்தால், உடனே வெட்டச் சொல்லாதீர்கள். கருகிய இலையே கீழேயுள்ள மொட்டுக்குப் போர்வை. இப்போது வெட்டினால் இளந்துளிர் கிளம்பி அடுத்த பனியில் அதுவும் கருகும். மார்ச் வரை பொறுத்து, அதே நகச் சுரண்டலைச் செய்து பார்த்து வெட்டலாம். அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவரும் ஹைட்ரேஞ்சியாவும் பியூசியாவும் கொழும்பில் நலிவதற்கு நம் பராமரிப்புக் காரணமில்லை. இங்கே பெரும்பாலான இரவுகள் 22 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை, அவற்றுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும்.

உண்மையாகவே செத்துப்போன கன்றின் மண்ணை அடுத்த சாடிக்குப் போடாதீர்கள், கூட்டெருக் குவியலிலும் சேர்க்காதீர்கள். வெற்றுச்சாடியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, அலசி வெயிலில் காயவைத்தால் திரும்பப் பயன்படுத்தலாம்.

பொங்கல் விடுமுறையில்தான் பலர் பசளைப் பை வாங்கிச் சாடிகளைக் கவனிக்க உட்காருவார்கள். தயவுசெய்து அதற்கு முந்திய ஞாயிறே திருத்தத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்ட வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06