கடைசிக் கிழமையில் எந்தக் கோலும் காப்பாற்றாது

ஆசிரியருக்கு,

நத்தாருக்கு இன்னும் பத்துக் கிழமை. திருகோணமலையில் சேர்ந்திசைக் குழுக்கள் கூடத் தொடங்கிவிட்டன. "கடைசிக் கிழமை கொழும்பிலிருந்து பேர்பெற்ற நடத்துநர் வருகிறார், எல்லாம் சரிவரும்" என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. சரிவராது. கோல் பிடித்து இசைக்குழு நடத்துவதில் பேர்பெற்ற ஹான்ஸ் ரிக்டருக்கே சரிவரவில்லை.

1843இல் ஹங்கேரியில் பிறந்த ரிக்டர், வியன்னா அரங்கொன்றில் ஹோர்ன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தவர். 1866இல் ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் வீட்டில் தங்கி, அவரது 'மைஸ்டர்சிங்கர்' ஒப்பெராவின் (இசை நாடகத்தின்) இசைப்பிரதியைக் கையால் படியெடுத்தார். வாத்தியங்களின் வரிகளெல்லாம் கைவழியே மனதில் ஏறிய மனிதர். நான்கு இரவு நீளும் வாக்னரின் 'நிபெலுங்கின் மோதிரம்' 1876 ஓகஸ்ட்டில் ஜேர்மனியின் பைரோய்ட் நகரில் முதன்முறை முழுமையாக அரங்கேறியபோது நடத்தியவரும் அவரே. அடுத்த ஆண்டு இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டாம் சிம்பொனி, ரிக்டர் நடத்த, டிசம்பர் 9இல் வியன்னாவில் அரங்கேற இருந்தது. வாத்தியக்காரர்கள் வாக்னரின் ஒப்பெரா ஒன்றைப் பயில்வதில் மூழ்கியிருந்ததால் 30ஆம் திகதிக்குத் தள்ளிவைத்தார்கள். அதுதான் சரியான முடிவு.

1900 ஒக்டோபர் 3இல் பேர்மிங்ஹாமில் அப்படித் தள்ளவில்லை. ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் சேர்ந்திசைக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதிய 'ஜெரோன்டியஸின் கனவு', ரிக்டர் நடத்த, அன்று முதன்முதலில் பாடப்பட்டது. பாடகர்களைப் பயிற்றவேண்டிய ஸ்வின்னர்ட்டன் ஹீப் ஜூன் மாதத்தில் இறந்துபோனார். முதியவரான ஸ்டொக்லியை அவசரமாக அழைத்தார்கள். பாடகர்களின் பிரதிகள் தாமதம். ரிக்டரின் கைக்கு, எல்லாக் குரல்களும் வாத்தியங்களும் அடங்கிய முழுப் பிரதி வந்ததோ வாத்திய ஒத்திகைக்குச் சற்று முன்னர்தான். ஹாண்டல், மெண்டல்சோன் போன்ற முந்திய இசையமைப்பாளர்களின் பாட்டுகளைப் பாடிப் பழகியவர்களுக்கு எல்கரின் வரிகள் பிடிபடவில்லை. மேடையில் சுருதி நழுவியது. முந்திய ஆண்டுதான் எல்கரின் 'எனிக்மா' மாற்றுருக்கள் என்ற வாத்திய இசையை லண்டனில் முதலில் நடத்திப் பேரெடுத்தவர் ரிக்டர். ஆளில் குறையில்லை, நாள்தான் போதவில்லை.

ஆகவே முதல் மூன்று கிழமையும் சொப்ரானோ, அல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களையும் தனித்தனியே பயிற்றுங்கள். வாத்தியமில்லாத பாட்டென்றால் முடிவில் மட்டும் கீபோர்டைத் தொட்டுச் சுருதி பாருங்கள்; கூடவே வாசித்தால் நழுவுவது தெரியாது. ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களிலும், மூச்சு முடியும் வரி ஈற்றிலும்தான் பெரும்பாலும் சுருதி இறங்கும். வருகிற நடத்துநருக்கு முழுப் பிரதியை இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.

சேர்ந்திசைப் பயிற்றுநர்கள் சிலர்,
திருகோணமலை.