புத்தகத்தை மூடவும் சொல்லித் தருவோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்பு மாணவர்களின் தேர்வு அச்சம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோரின் நெருக்கடி, கைப்பேசி, தூக்கக் குறைவு என்று அதில் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் பாடம் நடத்திவரும் எனக்கு, முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டதாகப் பட்டது. "படி, படி" என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம். எப்படிப் படிப்பது என்று எந்த வகுப்பில் சொல்லித் தருகிறோம்?

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஒரு மாணவி படித்தாள். அவளுடைய புத்தகத்தைத் திறந்தாலே உழைப்பு தெரியும். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாக மார்க்கர் கோடுகள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஆறு முறை படித்தேன் என்றாள். பொய் சொல்லும் பெண் அல்ல. தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. "எனக்கு மூளையே இல்லை டீச்சர்" என்று அழுதுவிட்டாள். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "புத்தகத்தை மூடு. இலைக்குள் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்த வரைக்கும் எழுது" என்றேன். நான்கு வரியில் நின்றுவிட்டாள். பிறகு புத்தகத்தைப் பார்த்து, விட்டதை எல்லாம் வேறு நிற மையில் அவளையே நிரப்பச் சொன்னேன். மறுநாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, மறுபடியும் ஒரு வெள்ளைத்தாள், அதே வேலை. மூன்றாம் முறை படத்தோடு ஒரு பக்கம் நிறைந்தது. அப்போது அவள் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "ஆறு முறை படித்தபோது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்ததே டீச்சர்!"

சிக்கல் அந்தத் 'தெரிந்த மாதிரி'யில்தான் இருக்கிறது. கண்ணுக்குப் பழகிவிட்ட வரியை, மனம் தனக்குத் தெரிந்த வரி என்று எடுத்துக்கொள்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியை இரண்டு முறை படித்தால் ஒரு விளைவு. ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினால் வேறு விளைவு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்ததே சற்று மேலாக இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தது சுமார் 56 விழுக்காடு நினைவில் நின்றது. திரும்பப் படித்தது 42தான். தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் படித்தவனுக்கு நம்பிக்கை வருவதும், அடுத்த மாதம் அதே பாடம் அவனுக்குப் புதிதாகத் தெரிவதும் இதனால்தான்.

மறதியைப் பற்றி நமக்குத் தெரிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது; அதன் பிறகு நழுவும் வேகம் குறைகிறது. ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட, நான்கு நாள்களில் ஒவ்வொரு மணி நேரமாகத் திரும்ப எடுப்பது ஏன் நிலைக்கிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். கணக்கிலும் ஒன்று உண்டு. பயிற்சியில் இருபது கணக்கும் ஒரே சூத்திரத்தில் அடங்கினால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே பழக்கமிருக்காது. தேர்வு கேட்பதோ அதைத்தான். பழைய பாடக் கணக்குகளை இடையிடையே கலந்து கொடுக்க வேண்டும்.

நான் மனப்பாடத்துக்கு எதிரி அல்ல. தனிமங்களின் குறியீடும் வாய்பாடும் நாக்கில் இருக்கத்தான் வேண்டும். அவற்றையும் பார்த்துப் பார்த்து ஒப்பிக்காமல், பார்க்காமல் சொல்லிப் பார்த்துத்தான் மனதில் ஏற்ற வேண்டும் என்கிறேன்.

இதையெல்லாம் யாரோ ஒருவரை அழைத்து, அரங்கில் முந்நூறு பேரை உட்காரவைத்து ஒரே நாளில் சொல்லி முடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைதட்டிவிட்டுப் போகும் பிள்ளை, மறுநாள் மறுபடியும் மார்க்கரைத்தான் எடுக்கும். பாடத்துக்குள்ளேயே வைத்துக் கற்றுத்தர வேண்டும். என் வகுப்பில் கடைசி ஐந்து நிமிடம் புத்தகம் மூடியிருக்கும். அன்று நடந்ததை எழுதுவார்கள். வாரத்தில் ஒரு நாள் போன மாதப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மதிப்பெண் போட்ட உடனே பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், தன் மறதியைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. முதல் மாதம் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நினைவுக்கு வராமல் திணறும்போது தோற்றுவிட்டதாக நினைப்பார்கள். அந்தத் திணறல்தான் படிப்பு என்று பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது ஆசிரியரால்தான் முடியும். பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் நடத்தியதையே தேர்வுக்கு முன் மறுபடி முதலிலிருந்து நடத்திக்கொண்டிருக்கிறோமே, அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு நெருங்கும் வாரத்தில் மாணவர்களுக்கான படிப்புக் குறிப்புகளை வெளியிடுகிறீர்கள். இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்க அப்போது நாள்களே மிஞ்சியிருப்பதில்லை. வரும் ஆண்டு அந்தப் பக்கத்தைப் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை