புர்கோஸில் தங்கியிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஸ்பெயினில் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரையின் நடுவே, புர்கோஸிலிருந்து நேற்று இரவு நீ அனுப்பிய குரல்பதிவை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பக் கேட்டோம். கால் வலியைப் பற்றி நீ சொன்னது கொஞ்சம்தான். "எல்லாரும் போயிட்டாங்கம்மா, நான் மட்டும் இங்க உக்காந்திருக்கேன்" என்றபோது உன் குரல் உடைந்ததே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கால். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்கம் வீங்கியிருக்கிறது என்றாய். உள்ளங்கையை அந்த வீக்கத்தின் மேல் லேசாக வைத்துக்கொண்டு பாதத்தை மெதுவாக மேலே தூக்கி இறக்கிப் பார். உள்ளே எதுவோ நறநறவென்று உரசுவது கைக்குத் தெரிந்தால், அது பெரும்பாலும் தசைநாண் அழற்சியாக இருக்கும். பாதத்தைத் தூக்கும் தசையின் நாண் அந்த வழியாகத்தான் போகிறது. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் பொத்தென்று விழாமல் பிடித்து இறக்குவது அந்தத் தசையின் வேலை. பிரனீஸ் மலையிலிருந்து ரொன்செஸ்வாயெஸுக்கு இறங்கியது, பம்ப்லோனா தாண்டி அந்த உருட்டுக்கல் சரிவில் இறங்கியது, அப்புறம் புர்கோஸுக்குள் நுழையும்போது மணிக்கணக்காகத் தார்ச்சாலையில் நடந்தது, எல்லாம் சேர்ந்து அங்கே வந்து நிற்கிறது. நீ காலணியின் கயிற்றை எப்போதும் இறுக்கிக் கட்டுகிறவள். அதே இடத்தில் கயிறும் அழுத்தியிருக்கும். இனி மேலே உள்ள கடைசிக் கொக்கியை விட்டுவிட்டுக் கட்டு. பாதத்தின் மேல் ஒரு விரல் நுழைகிற அளவு இடம் இருக்கட்டும்.

ஆனால் நான் சொல்வதை வைத்து நீயே முடிவு செய்துவிடாதே, மருத்துவரிடம் காட்டு. எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் தொட்டால் உயிர் போகிற வலி, படுத்திருக்கும்போதும் விடாத வலி, இவை இருந்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அதோடு ஒரு நாள்கூட நடக்கக் கூடாது. பின்பக்கம் ஆடுசதை வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதனுடன் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 112-ஐ அழை. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைகளில் இருப்பவர்கள் தினமும் யாத்ரீகர்களின் கால்களைப் பார்க்கிறவர்கள். உன்னிடம் நின்று பேசி, இரண்டு மூன்று நாள் ஓய்வெடு என்று சொன்ன அந்த அம்மாவுக்கு நான் இங்கிருந்தே நன்றி சொல்கிறேன். அவர் கொடுத்த மாத்திரை வீக்கத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு வலி தெரியாமல் நடந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. வலி அடங்கியிருக்கும், நாண் அடங்கியிருக்காது.

குதிகாலில் இருக்கும் கொப்புளத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொன்னாய். ஊசி நூலைக் கோத்து உள்ளேயே விட்டுவிடு என்று அங்கே யாராவது சொல்லித்தருவார்கள். வேண்டாம். அந்த நூல் வழியாகக் கிருமி உள்ளே போகும். மேல்தோலை உரிக்காமல், சுத்தம் செய்து மூடி வை.

அரசு நடத்தும் விடுதிகளில் ஒரு இரவுக்கு மேல் இருக்க விடமாட்டார்கள், உனக்கே தெரியும். உடம்பு சரியில்லை என்றால் சில இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் காலையில் எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் கிளம்பி, பெருக்கித் துடைக்கிற சத்தத்துக்கு நடுவே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். தனி அறை எடு. செலவைப் பற்றி யோசிக்காதே, அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

நீ சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புர்கோஸை விட்டு மேற்கே வெளியேறும் வழியில் 'ஓஸ்பித்தால் தெல் ரே' என்று பெரிய பழைய கட்டடம் ஒன்று வரும். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்டாம் அல்ஃபோன்சோ மன்னர் யாத்ரீகர்களுக்காகக் கட்டிய மருத்துவ விடுதி அது. இப்போது புர்கோஸ் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை அங்கே இயங்குகிறது. அந்தக் காலத்தில் நடந்தவர்களுக்குச் சந்தியாகோ போய்ச் சேர்ந்தாலும் பாதி வழிதான், வீட்டுக்குத் திரும்பவும் நடக்க வேண்டும். காய்ச்சலும் புண்ணும் எலும்பு முறிவும் வராமல் இருக்குமா? வழி நெடுக இப்படி விடுதிகள் எழுந்ததற்குக் காரணமே அதுதான். நீ கடந்து வந்த சிராவ்கிக்கும் லோர்க்காவுக்கும் நடுவே சலாதோ என்று ஓர் ஆறு வருமே, நினைவிருக்கிறதா? 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாத்ரீகர் கையேடு அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது. கரையில் இரண்டு பேர் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். தண்ணீர் நல்லதா என்று கேட்டதற்கு, நல்லதுதான் என்றார்களாம். நம்பிக் குடிக்கவிட்ட குதிரைகளில் இரண்டு அங்கேயே செத்து விழுந்தன, அவர்கள் அங்கேயே அவற்றின் தோலை உரித்தார்கள் என்று அந்தக் கையேட்டை எழுதியவர் சொல்கிறார். தடங்கல் இல்லாமல் இந்த வழியில் நடந்தவர் என்று யாரையும் எனக்குத் தெரியவில்லை, கண்ணு. படித்ததிலும் இல்லை, நேரில் பார்த்தவர்களிலும் இல்லை.

சரி, உன் கூட்டத்துக்கு வருவோம். கால் நான்கு நாளில் தேறும், ஆனால் அவர்கள் நான்கு நாள் தூரம் முன்னால் போயிருப்பார்கள். அதுதான் உன் துக்கம், எனக்குப் புரிகிறது. யாத்திரை தொடங்கிய சென் ழானில் முதல் நாள் விடியலில் சேர்ந்து மலையேறியவர்கள், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், ஒருவர் கால் புண்ணுக்கு இன்னொருவர் மருந்து போட்டவர்கள். சில நாளில் அந்த உறவு எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்று எனக்குத் தெரியும். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில்தான் பலருடைய கால் மறுபடியும் கெடுகிறது. இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு, மூன்றாம் நாள் முப்பது கிலோமீட்டர் நடந்து, அதற்கடுத்த நாள் வீட்டுக்கு டிக்கெட் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ அப்படிச் செய்யாதே. அவர்களுக்குச் செய்தி அனுப்பு, அழ வேண்டும் என்றால் அழு. உனக்குப் பின்னால் ஒரு நாள் தூரத்திலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களில் கால் கட்டோடு வருகிறவர்களும் இருப்பார்கள்.

பஸ்ஸில் ஏறினால் அது யாத்திரையே இல்லை என்று ஒருவர் உன்னிடம் சொன்னாராமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நல்ல காலோடு இருப்பவர் கெட்ட காலோடு இருப்பவரிடம் சொல்லும் சொல்லா அது? யாத்திரையை முடித்தவர்களுக்குத் தரும் கொம்போஸ்தெலா சான்றிதழுக்குத் தேவாலயமே கேட்பது, சந்தியாகோவுக்கு முந்தைய கடைசி 100 கிலோமீட்டரை நடந்திருக்க வேண்டும் என்பதுதான். அந்தப் பகுதியில் யாத்ரீகர் அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் நீ எங்கே பஸ் ஏறினாய், எங்கே படுத்திருந்தாய் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் எத்தனையோ பேர் ஆண்டுக்கு ஒரு வாரம் வந்து, விட்ட இடத்திலிருந்து நடந்து, பல ஆண்டுகளில் முடிக்கிறார்கள். அவர்களுடைய நடை எந்த விதத்தில் குறைந்தது?

நான் ஒரு வருஷம் பாதியில் திரும்பி வந்தது உனக்குத் தெரியும். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வந்தேன் என்றுதான் உனக்குச் சொன்னோம், நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எங்கிருந்து திரும்பினேன் என்று நீ கேட்டதில்லை. வில்லாஃப்ராங்கா தெல் பியெர்சோவிலிருந்து. யாத்ரீகர்கள் கல் கொண்டுவந்து வைக்கும் இரும்புச் சிலுவையைத் தாண்டி, மொலினசேகா இறக்கத்தை முடித்து, இனி கலீசியா மலைதான் என்று இருந்த மாலையில் உன் அப்பாவின் போன் வந்தது. சந்தியாகோ போக இன்னும் ஒரு வாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. அந்த ஊருக்குள் நுழையும் இடத்திலேயே சந்தியாகப்பர் பெயரில் ஒரு சின்னக் கல் தேவாலயம், 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் வாசல் என்று பெயர். நோயாலோ காயத்தாலோ அதற்கு மேல் போக முடியாத யாத்ரீகர்கள் அந்த வாசல் வரை வந்தால் போதும், சந்தியாகோ போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் அதே பரிபூரணப் பலன், அதாவது பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை, அவர்களுக்கும் உண்டு என்று அந்தக் காலத்திலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் யூபிலி ஆண்டுகளில்தான் அந்த வாசலைத் திறப்பார்கள். 2021-க்கு அடுத்தது 2027. நான் அங்கே போயிருந்த வருஷத்தில் அது பூட்டித்தான் இருந்தது.

அந்தப் படியில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தூண்களின் தலைப்பில் செதுக்கிய உருவங்கள் மழையில் கரைந்து முகம் தேய்ந்திருந்தன. எனக்கு முன்னால் எத்தனை பேர் காய்ச்சலோடு, ஒடிந்த காலோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். முடியாமல் போகிறவர்கள் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, அவர்களுக்கென்று ஒரு வாசலைக் கட்டி வைத்த வழி இது. அடுத்த நாள் பொன்ஃபெராடா போய் மாட்ரிட் பஸ் பிடித்தேன். தாத்தாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் நல்லபடியாக இருந்த வருஷங்களை எந்தச் சான்றிதழுக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். பின்னொரு வருஷம் அதே வில்லாஃப்ராங்காவிலிருந்துதான் மறுபடி தொடங்கினேன். அலமாரியில் இருக்கும் கொம்போஸ்தெலா, லத்தீனில் என் பெயர் எழுதிய அந்தத் தாள், அப்போது வாங்கியது.

இனி உனக்கு முன்னால் இருக்கும் வழியைப் பார்ப்போம். உன் விடுமுறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புர்கோஸிலிருந்து லெயோன் வரைக்கும் சுமார் 180 கிலோமீட்டர், மெசெத்தா சமவெளி. தரை சமமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரே மாதிரி தரையில், ஒரே மாதிரி அடி வைத்து நாள் முழுக்க நடப்பது உன் கால் இருக்கும் நிலைக்கு நல்லதில்லை. கர்ரியோன் என்ற ஊரைத் தாண்டினால் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது, நடுவில் வலித்தால் உட்கார நிழலும் கிடைக்காது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மருத்துவர் சரி என்று சொன்னால் புர்கோஸில் ஓய்வெடுத்துவிட்டு லெயோனுக்கு பஸ்ஸில் போ. அங்கிருந்து சந்தியாகோவுக்கு இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அது சின்ன நடை இல்லை. தாத்தா நினைவாக எடுத்துப்போன கல்லை இரும்புச் சிலுவையில் வைக்க முடியாதோ என்று கவலைப்பட்டாயே, அதுவும் அந்தப் பாதையில்தான் வருகிறது.

முதல் நாள் எட்டுப் பத்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள். நடக்க நடக்க வலி கூடினால் அடுத்த ஊரிலேயே நின்றுவிடு, விடுதி பிடிக்கவில்லை என்றாலும் நில். பையைச் சுமக்காதே. ஸ்பெயின் அஞ்சல் துறையே பையை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, விடுதியில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். அந்த மொலினசேகா இறக்கத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சிலுவை இருக்கும் இடம் 1,500 மீட்டர் உயரம், மொலினசேகா அறுநூறு மீட்டருக்கும் கீழே. வழியெல்லாம் உடைந்த கல். உன் காலுக்கு வேலை கொடுப்பதே இறக்கம்தான் என்று மேலே எழுதினேன் அல்லவா? நடுவில் வரும் எல் அசேபோ என்ற ஊரில் ஒரு இரவு தங்கி, இரண்டு நாளாகப் பிரித்து இறங்கு. இரண்டு கைக்கும் ஊன்றுகோல் இருக்கட்டும். இன்னும் வலித்தால் அங்கிருந்து டாக்ஸி எடு.

லெயோனில் இருந்தும் முடியாது என்று ஆகிவிட்டால் சாரியா என்ற ஊர் இருக்கிறது, அங்கிருந்து சந்தியாகோ 115 கிலோமீட்டர் போல. அதுவும் முடியாது என்று மருத்துவர் சொன்னால் வீட்டுக்கு வா. யாத்ரீகர் அட்டையைப் பத்திரமாக எடுத்து வா, அடுத்த முறை அதிலேயே முத்திரை தொடரலாம். விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று அப்பா இன்றைக்கே கேட்கிறார். முன்னாலோ பின்னாலோ, எந்தத் தேதியாக இருந்தாலும் சரி.

சாயங்காலம் கால் தாங்கினால் பேராலயம் வரை போய் உட்கார்ந்துவிட்டு வா, அறையிலேயே அடைந்து கிடக்காதே. நாளை மருத்துவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுது, நல்ல செய்தியை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதாதே. காலின் படத்தையும் அனுப்பு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து எடுத்தால்தான் வீக்கம் தெரியும். இரவில் எத்தனை மணி ஆனாலும் போன் பக்கத்தில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா