தரை எழுந்து பேசும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருபத்தாறு வயதாகிவிட்டது, இன்னும் என்ன பாப்பா என்று முறைக்காதே. வேறெப்படி ஆரம்பித்தாலும் யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கிறது.

ஜாஸ் பாட்டுக்கு நீ பேஸ் கிதார் வாசித்து அனுப்பிய பதிவை நான்கு முறை கேட்டேன். முதல் முறை அவசரத்தில் போனிலேயே போட்டுவிட்டேன். பேஸின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வுதான். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. பியானோவும் டிரம்ஸும் கேட்டன, நீ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தேன்.

மற்றவர்களுக்குப் பின்னால் நீ வாக்கிங், அதாவது பீட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடந்து போகிற வரி, வாசிக்கிற இடமெல்லாம் அருமை. நாலு பீட்டும் சீராக, பதற்றமில்லாமல் விழுகின்றன. நீ தனியாக முன்னே வரும் சோலோ வந்ததும்தான் யாரோ விரட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நாலு பீட்டுக்கு ஒரு பார் என்று 32 பாரில் ஓர் இடத்தில்கூட நீ நிறுத்தவில்லை, எண்ணிப் பார்த்தேன். "ஸ்கேல் எல்லாம் சரியாத்தானே இருக்கு, ஏன்ப்பா பாட்டு மாதிரி இல்ல?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசை எல்லாம் சரிதான். ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. எனக்கு உறுத்தியதே அதுதான்.

என் முதல் சோலோவைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். 12 பாரில் ஒரு சுற்று முடிகிற ப்ளூஸ், ஜாஸின் மிக எளிய வடிவங்களில் ஒன்று. பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வாக்கிங் வாசித்த பாட்டு. "இந்தத் தடவை நீ எடுத்துக்கோ" என்று தலையசைத்தார்கள். பியானோ நின்றது. டிரம்ஸில் காலால் தட்டும் ஹை-ஹாட் தகடு மட்டும் இரண்டாவது, நான்காவது பீட்டில் தட்டிக்கொண்டிருந்தது. முதல் சுற்று எப்படியோ போனது. இரண்டாவதில் ஏழாவது பாரில் இருக்கிறேனா ஒன்பதாவதிலா என்றே தெரியவில்லை. நான் இரண்டு பார் முன்னதாக முடித்துவிட்டு வாக்கிங்குக்குத் திரும்பினேன். பியானோ தன் கணக்குப்படி சரியான இடத்தில் வந்து சேர்ந்தது. இருவரும் ஒரே பாட்டின் வெவ்வேறு பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தோம். ஒட்டிக்கொள்ள எட்டு பார் ஆனது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஏன் என்று புரிந்தது. டிரம்பெட்காரரோ சாக்ஸபோன்காரரோ சோலோ எடுக்கும்போது அவர்கள் நிற்பது நாம் போட்டுக் கொடுக்கிற தரையின் மேல். எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), எந்த பார் என்று நம் வாக்கிங் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் சோலோ எடுக்க எழுந்தால் தரையும் நம்மோடு எழுந்துவிடுகிறது. கீழே ஒன்றுமில்லை. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஸ்கேல் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீ நிறுத்தாமல் வாசித்ததும் அந்தப் பயத்தில்தான் என்று நினைக்கிறேன். நிறுத்தினால் விழுந்துவிடுவோமோ என்று.

அதனால் முதலில் தரையைத் தலைக்குள் போட்டுக்கொள். பாட்டின் மெட்டை வாயால் பாடிக்கொண்டே ஒவ்வொரு கார்டின் அடிஸ்வரத்தை மட்டும் வாசி. அப்புறம் மாற்றிப் போடு: அடிஸ்வரங்களைப் பாடு, மெட்டை வாசி. இரண்டாவது கஷ்டம், எரிச்சலாக வரும். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை இரண்டாவது, நான்காவது பீட்டில் மட்டும் அடிக்க வை. அது பழகியதும் இரண்டு பாருக்கு ஒரே ஒரு தட்டு. இடையில் உள்ள காலத்தை நீயே சுமக்க வேண்டும். இங்கேதான் நான் மாதக்கணக்கில் திண்டாடினேன்.

அடுத்தது, தனியாக ஒலிக்கும் ஒரே வரிக்குள் கார்டுகளைக் கேட்க வைப்பது. பேஸ் கிதார் மேதை ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1976 ஆல்பத்தின் முதல் பாட்டை மறுபடியும் கேள். 'டானா லீ', பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் காலத்துப் பாட்டு. பேஸும் கையால் தட்டும் கொங்கா டிரம்ஸும் மட்டும்தான். பியானோ இல்லை, கிதார் இல்லை. ஆனாலும் கார்டு மாறுகிற ஒவ்வொரு இடமும் காதில் விழும். மாயமில்லை, மாறும் இடத்தில் எந்த ஸ்வரத்தில் கால் வைப்பது என்று அவருக்குத் தெரியும். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற கார்டு வரிசையை எடுத்துக்கொள். ஒவ்வொரு கார்டிலும் அடிஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது ஸ்வரமும் ஏழாவது ஸ்வரமும்தான் அதன் முகம். டி மைனரில் எஃப், சி. ஜி செவனுக்குப் போகும்போது எஃப் அப்படியே நிற்கிறது, சி அரைப்படி, அதாவது கழுத்தில் ஒரே ஒரு கட்டம் (ஃப்ரெட்), இறங்கி பி ஆகிறது. அங்கிருந்து சி மேஜருக்குப் போகும்போது பி நிற்கிறது, எஃப் அரைப்படி இறங்கி ஈ ஆகிறது. இந்த இரண்டு அரைப்படிகளை மட்டும் வைத்து ஒரு வாரம் வாசி. நடுவே எதை நிரப்பினாலும், கார்டு மாறும் நேரத்தில் அந்தப் படியில் இறங்கு. பியானோ இல்லாமலே பியானோ கேட்கும்.

மூச்சு விடும் விஷயத்துக்கு வருகிறேன். டிரம்பெட் ஊதுகிறவருக்கு நுரையீரல் ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லிவிடும். அதனால் அவருடைய வரிகளுக்கு இயல்பாகவே முற்றுப்புள்ளி இருக்கிறது. விரலுக்கு மூச்சு கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். பேஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலு தந்தியும் ஒரே இடைவெளியில், நான்காவது ஸ்வரத் தூரத்தில் சுருதி கூட்டியிருப்பதால், ஒரு ஸ்கேலின் வடிவத்தைக் கை கற்றுக்கொண்டால் அதைத் தூக்கி பேஸின் கழுத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வசதிதான். ஆனால் காது கேட்பதற்கு முன்பே விரல் ஓடிவிடுகிறது. உன் பதிவில் நான் கேட்டது விரலைத்தான், உன்னை அல்ல. கடுமையாகச் சொல்கிறேனோ? என் பழைய பதிவுகள் இதைவிட மோசம்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து பாடுவது. பேஸைத் தொடாதே. பாட்டை ஓடவிட்டு நான்கு பாருக்கு வாயில் வருவதைப் பாடு. குரல் கேவலமாக இருந்தால் பரவாயில்லை, உன் குரல் என்னிடமிருந்து வந்தது, எனக்குத் தெரியும். பாடியதை மட்டும் வாசி, பாடாததை வாசிக்காதே. முதல் நாள் மூன்று ஸ்வரத்துக்கு மேல் வராது. வரட்டும். அந்த மூன்றையும் தாளத்தில் இடம் மாற்றிப் போட்டுப் பார், நீ நினைப்பதைவிட நிறையக் கிடைக்கும்.

மனோதர்மம் என்றதும் எல்லாம் அந்த நொடியில் பிறக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. பெரியவர்களும் கேட்டுக் கேட்டுத்தான் வந்தார்கள். ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எல்லிங்டனின் குழுவில் 1939-இல் சேர்ந்த ஜிம்மி பிளாண்டன், நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸில் ஊதுகுழல்காரர்களைப் போல நீளமான மெட்டுகளை வாசித்தார். 1942-இல் இறந்தபோது வயது 23. பேஸ் சோலோ என்ற எண்ணத்தையே மாற்ற அவருக்கு மூன்று வருஷம் போதுமாக இருந்தது. நம் பேஸ் கிதாரை ஃபெண்டர் விற்க ஆரம்பித்ததே 1951-இல்தான். அதனால் பெரிய பேஸ்காரர்களைத் தாராளமாகத் திருடு, பங்காளிகள்தான். ஆனால் ஒரு முழு சோலோவைக் காதால் எடுத்து எழுதும்போது டிரம்பெட்காரர் ஒருவருடையதை எடு. வேகத்தைக் குறைத்துக் கேள், பாடு, கடைசியில் தந்தியைத் தொடு. அவர் மூச்சு வாங்கும் இடங்களையும் எழுதிக்கொள்.

பழக 'ஸோ வாட்' நல்ல பாட்டு. 1959-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு பதிவு செய்தது; மெட்டை பால் சேம்பர்ஸின் பேஸ் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். 16 பார் டி-யில் தொடங்கும் டோரியன் ஸ்கேல், 8 பார் அரைப்படி மேலே, மறுபடி 8 பார் டி. ஒளிந்துகொள்ள, மாறிக்கொண்டே இருக்கும் கார்டுகள் இல்லை, நீ சொல்ல வருவது என்ன என்பது மட்டும்தான் மிச்சம். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே, மெல்லிய இரண்டு தந்திகளில் வாசி; கீழே வாசித்தால் சோலோ குழம்பிப் போகும்.

நேற்று இரவு நானும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுப்பகுதி நன்றாக வந்தது, அந்த மகிழ்ச்சியில் 25-ஆவது பாரில் கீழே இறங்க மறந்து இன்னும் நான்கு பார் மேலேயே நின்றேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்!

அடுத்த பதிவில் பியானோ வாசிக்கும் நண்பரை உன் சோலோவின்போது ஒரு சுற்று சும்மா இருக்கச் சொல். இரண்டு பார் முழுசாக ஒன்றும் வாசிக்காமல் விட்டுப் பார். எந்த இரண்டு பார் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லாதே. ஹெட்போன் மேஜை மேலேயே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா